'பிங்கர்டன்' ஆல்பத்தைக் கேட்பதும், அதைப் பற்றிய கருத்துகளைப் படிப்பதும்: புதியவர்களுக்கு

வீஸர் என்ற அமெரிக்க ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம் 'பிங்கர்டன்'. 1996 செப்டம்பர் 24 அன்று வெளிவந்தது. அந்த ஆண்டின் மோசமான ஆல்பங்கள் எவை என்று 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை கேட்டபோது, வாசகர்கள் இதற்கு மூன்றாம் இடம் கொடுத்தார்கள். 2002-இல் எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆல்பங்கள் எவை என்று அதே பத்திரிகை கேட்டது. இந்த முறை வாசகர்கள் இதை 16-ஆம் இடத்தில் வைத்தார்கள். இடைப்பட்ட ஆறு வருடத்தில் ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

இன்று யாராவது சொல்லி முதல் தடவை இந்த ஆல்பத்தைத் தேடிப் போகிறவருக்கு இரண்டு குரலும் ஒரே சமயத்தில் காதில் விழும். "காவியம்" என்பார் ஒருவர், "சகிக்கவில்லை" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. யார், எந்த வருடத்தில், எதை எதிர்பார்த்துக் கேட்டார் என்று பார்த்தால்தான் அவர் சொன்னதற்குப் பொருள் கிடைக்கும். எந்த வரிசையில் கேட்டால், எந்த வரிசையில் படித்தால் இது தெளிவாகும் என்று கீழே எழுதியிருக்கிறேன். ஒரு வாரக் கடைசி போதும்.

படி 1: முதலில் நீல ஆல்பம்

நேராக 'பிங்கர்டன்' பக்கம் போக வேண்டாம். வீஸரின் முதல் ஆல்பம் 1994 மே மாதம் வந்தது. அதன் பெயரும் 'வீஸர்'தான். நீலப் பின்னணியில் நால்வரும் வரிசையாக நிற்கும் அட்டை என்பதால் 'நீல ஆல்பம்' என்றே எல்லோரும் சொல்வார்கள். 'த கார்ஸ்' குழுவின் ரிக் ஒகாசெக் தயாரித்தது. கிட்டார் கனமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஒலியும் துலக்கி அடுக்கியது மாதிரி தனித்தனியாகக் கேட்கும். 'பட்டி ஹாலி' பாட்டுக்கு ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்த வீடியோவை எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி ஓயாமல் போட்டது. கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவமுள்ள, கிண்டல் பேசும் பையன்கள் என்றுதான் அமெரிக்க இளைஞர்கள் இவர்களை அறிந்திருந்தார்கள்.

பத்துப் பாட்டு, நாற்பது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இதைக் கேட்டு முடித்தால்தான் 1996-இன் கோபம் புரியும். அன்று திட்டியவர்களில் பெரும்பாலோர் 'பிங்கர்டனை' மட்டும் கேட்டுத் திட்டவில்லை. நீல ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திட்டினார்கள்.

படி 2: ஒரே மூச்சில், வரிசை மாற்றாமல்

இப்போது 'பிங்கர்டன்'. இதுவும் பத்துப் பாட்டுதான். மொத்தம் 35 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். செயலியில் பாட்டைக் கலைத்துப் போடும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பாடகரும் பாடல் எழுதியவருமான ரிவர்ஸ் க்வோமோ, பாட்டுகள் பிறந்த வரிசையையே பெரும்பாலும் ஆல்பத்தின் வரிசையாக வைத்தார். தன் வாழ்க்கையின் இரண்டு வருடக் கதை இது என்று, ஆல்பம் வெளியாகும் முன்பே ரசிகர் மன்றத்துக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருந்தார். நடுவிலிருந்து ஒரு பாட்டை உருவிக் கேட்டால், கதையின் மோசமான ஒரு நாளில் போய் விழுந்தது போலாகும்.

இந்த முதல் தடவைக்கு அந்த இரண்டு வருடம் எப்படிப்பட்டது என்று மட்டும் தெரிந்தால் போதும். நீல ஆல்பம் லட்சக்கணக்கில் விற்று, ஊர் ஊராகக் கச்சேரி செய்து ஓய்ந்த பிறகு, க்வோமோ 1995-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். பிறவியிலேயே ஒரு கால் குட்டை. அதை நீட்ட அறுவைசிகிச்சை செய்துகொண்டு, காலில் இரும்புச் சட்டத்தோடு, கைத்தடி ஊன்றி வகுப்புக்குப் போனார். புகழ் இருந்தது, பேச ஆளில்லை. விண்வெளியில் நடப்பது போல ஒரு ராக் இசை நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர் அதை ஓரங்கட்டிவிட்டு, தன் சொந்த வலியைப் பாட்டாக்க ஆரம்பித்தார். ஆறாவது பாட்டான 'த குட் லைஃப்' முழுக்க அந்தக் கைத்தடிக் காலத்தின் எரிச்சல்தான்.

தொடக்கமே உங்களைத் தள்ளிவிடப் பார்க்கும். முதல் பாட்டு ஃபீட்பேக் இரைச்சலும் சின்தசைஸர் உறுமலுமாகத் திறக்கும். பாதி இடங்களில் குரல் கத்தலாகவே இருக்கும். கடைசிப் பாட்டில் அத்தனையும் அடங்கி, ஒற்றை அக்கூஸ்டிக் கிட்டார் மட்டும் மிஞ்சும். முதல் தடவை பிடிக்காவிட்டால் பரவாயில்லை. பிடித்ததா இல்லையா என்று ஒரு வரி குறித்து வையுங்கள். இதுவரை யாருடைய கருத்தையும் படித்திருக்கக் கூடாது.

படி 3: புகார்களை மூன்றாகப் பிரியுங்கள்

இனிப் படிக்கலாம். இந்த ஆல்பத்தின் மேல் வைக்கப்படும் குறைகள் ஒலியைப் பற்றியவை, வரிகளைப் பற்றியவை, ஏமாற்றத்தைப் பற்றியவை என்று மூன்று வகை. எழுதுகிறவர்கள் இவற்றைப் பிரிப்பதில்லை. மூன்றையும் சேர்த்து "மோசம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பிரிக்கும் வேலை நம்முடையது.

ஒலியைப் பற்றிய புகார் எளிதானது, சரிபார்க்கக்கூடியதும்கூட. இந்த முறை வெளியிலிருந்து தயாரிப்பாளர் யாரும் இல்லை. குழுவே தயாரித்தது. க்வோமோ, கிட்டார் வாசித்த பிரையன் பெல், பாஸ் வாசித்த மேட் ஷார்ப் மூவரும் தனித்தனியாகப் பாடிச் சேர்க்காமல், மூன்று மைக்கைச் சுற்றி நின்று ஒன்றாகவே பாடினார்கள். அதனால் பின்னணிக் குரல்கள் சில இடங்களில் தவறி விழுந்து எழுந்திருப்பது அப்படியே கேட்கும். பேட்ரிக் வில்சனின் டிரம்ஸ் கூடத்தில் வைத்து அடிப்பது போல அதிரும். "டெமோ (ஒத்திகைப் பதிவு) மாதிரி இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தால் அவருக்குக் கேட்டது உண்மைதான். அது அவருக்குக் குறை, இன்னொருவருக்கு அதுவேதான் உயிர். நான் இரண்டாவது கட்சி. ஆனால் 'ஒய் பாதர்' பாட்டில் மட்டும் இந்த முரட்டுத்தனம் பாட்டின் மெலிவை மூடப் பயன்பட்டிருக்கிறது என்று தோன்றுகிறது.

ஏமாற்றப் புகாரைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. அதில் நீல ஆல்பத்தின் பெயர் வந்துவிடும். "முன்பு போல இல்லை" என்பதுதான் அதன் சாரம். அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். இந்த ஆல்பம் எப்படி என்று அதில் எதுவும் கிடைக்காது.

வரிகளைப் பற்றிய புகார்தான் கனமானது. அதற்கு ஆறாவது படியில் வருகிறேன்.

படி 4: தேதி பார்த்துப் படியுங்கள்

இந்த வேலையின் மையம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசலாம்.

1996-இன் கருத்துகளை முதலில் எடுங்கள். ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடத்தில் நுழைந்தது, பிறகு சரிந்தது. முதல் சிங்கிளாக (தனியாக வெளியிடும் பாட்டாக) வந்த 'எல் ஸ்கார்ச்சோ' வானொலியிலும் எம்டிவியிலும் எடுபடவில்லை. வெளியீட்டுக்கு முந்தைய நாள் பிங்கர்டன் என்ற பாதுகாப்பு நிறுவனம் "எங்கள் பெயரை எப்படி வைக்கலாம்" என்று வழக்குப் போட்டது தனிக்கூத்து. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

விமர்சகர்கள் இதைக் குத்திக் கிழித்தார்கள் என்று இன்று ஒரு கதை உலவுகிறது. அது மிகை. அன்றைய விமர்சனங்கள் கலவையானவை. 'ரோலிங் ஸ்டோன்' விமர்சனமே ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தது. கடுமையாக இருந்தது வாசகர் வாக்கெடுப்புதான். அதையும் ஒன்று யோசித்துவிட்டுப் படிக்க வேண்டும். உண்மையிலேயே மட்டமான ஆல்பங்கள் எதுவும் மோசமான ஆல்பங்களின் பட்டியலில் வருவதில்லை, ஏனென்றால் அவற்றை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பட்டியலில் ஏறுவதற்கு நிறையப் பேர் ஆசையோடு காசு கொடுத்து வாங்கி, பிறகு ஏமாந்திருக்க வேண்டும். ஆக, மூன்றாம் இடம் என்பது நீல ஆல்பத்தின் மேல் இருந்த பிரியத்தின் அளவும்கூட.

அடுத்து 1997 முதல் 2001 வரை. குழு ஏறக்குறைய ஒதுங்கியிருந்த காலம். மேட் ஷார்ப் 1998-இல் விலகினார். புதிய ஆல்பம் இல்லை, விளம்பரம் இல்லை. ஆனால் இந்தச் சமயத்தில்தான் 'பிங்கர்டன்' கைமாறிக் கைமாறிப் பரவியது. இணையத்தில் பாட்டுக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் பழக்கம் வந்தது. பின்னாளில் 'ஈமோ' என்று அழைக்கப்பட்ட, மன உணர்ச்சியைக் கொட்டும் ராக் வகையில் பாட்டு எழுதிய இளைஞர்கள் பலர் இதைத் தங்கள் பாலபாடமாகச் சொன்னார்கள். இவர்கள் எம்டிவி பார்த்து இதற்கு வந்தவர்கள் இல்லை. நண்பன் சொல்லி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டவர்கள். நீல ஆல்பத்துக்கு முன்பே 'பிங்கர்டனை'க் கேட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் எதற்கு ஏமாற வேண்டும்?

நம்மூரில் ரகுமான் பாட்டு வெளியானதும் "கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்" என்பார்களே, அதே கணக்கு இங்கும் நடந்தது என்று நினைக்கத் தோன்றும். எனக்கு அப்படித் தெரியவில்லை. 1996-இல் வெறுத்தவர்களே 2002-இல் மனம் மாறி வாக்களித்தார்கள் என்பதைவிட, வாக்களித்த ஆட்களே மாறிவிட்டார்கள் என்பதுதான் பொருந்துகிறது. முதல் கூட்டம் கடந்து போனது. பதின்ம வயதில் தனியாகக் கேட்டு ஒட்டிக்கொண்ட இரண்டாவது கூட்டம் வாக்குச்சீட்டைப் பிடித்துக்கொண்டது. அந்த 16-ஆம் இடத்தையும் இந்தச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். எந்த வாக்கெடுப்பிலும் தீவிர ரசிகர்களின் கைதான் முதலில் உயரும்.

2004-இல் 'ரோலிங் ஸ்டோன்' மறுபடி விமர்சனம் எழுதி ஐந்துக்கு ஐந்து கொடுத்தது. 2010-இல் கூடுதல் பாட்டுகளோடு மறுபதிப்பு வந்தபோது 'பிட்ச்ஃபோர்க்' என்ற இணைய இசை இதழ் பத்துக்குப் பத்து கொடுத்தது. இந்தக் காலத்துக் கருத்துகளைப் படிக்கும்போது எதிர்ப்பக்கத்துக் கவனம் வேண்டும். 'அன்று புரிந்துகொள்ளப்படாத மேதை' என்ற கதையே அதற்குள் ஒரு சுகமான கதையாகிவிட்டது. ஆல்பத்தைவிட அந்தக் கதையைப் புகழ்கிறவர்கள் நிறைய. பாட்டில் எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரியாவது சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லாவிட்டால் தாண்டிவிடுங்கள்.

விற்பனையும் இதே பாதையில்தான் போனது. ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கத் தகுதி கிடைக்கவே 2001 ஆனது. பத்து லட்சத்துக்கான பிளாட்டினம் 2016-இல்தான்.

படி 5: பாடியவர் சொல்வதைக் கடைசியில் வையுங்கள்

க்வோமோவும் ஒரு நேயர்தான் என்று வைத்துக்கொண்டால், அவருடைய கருத்துதான் எல்லாவற்றிலும் அதிகம் ஊசலாடியது. 1996-இல் நெஞ்சைத் திறந்து வைத்தார். 2001-இல் ஒரு பேட்டியில், இது அருவருப்பான ஆல்பம், பலர் முன்னால் செய்துவிட்ட வேதனையான பிழை என்கிற அளவுக்குப் போனார். 2010-இல் நீல ஆல்பத்தையும் இதையும் முழுசாக மேடையில் வாசித்துச் சுற்றுப்பயணம் போனார். எழுதியவனுக்குத் தெரியாதா என்று அவர் 2001-இல் சொன்னதை ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. டயரியை ஊரே படித்துச் சிரித்தது என்று நினைத்தவரின் வார்த்தை அது. இசையைப் பற்றிய தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

படி 6: ஆபராவின் கதையும் சங்கடமான வரிகளும்

வரிகளைப் படிக்கும் முன்பு ஒரு பத்து நிமிடம் இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'மேடம் பட்டர்ஃப்ளை' ஆபராவின் (பாட்டாகவே நடக்கும் நாடகம்) கதைச் சுருக்கத்தைப் படித்துவிடுங்கள். ஆல்பத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. பிங்கர்டன் ஓர் அமெரிக்கக் கடற்படை அதிகாரி. நாகசாகியில் சோ-சோ-சான் என்ற பதினைந்து வயதுப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, கப்பலேறிப் போய்விடுகிறான். அவள் குழந்தையோடு மூன்று வருடம் காத்திருக்கிறாள். அமெரிக்க மனைவியோடு திரும்பி வந்து குழந்தையைக் கேட்கிறான். அவள் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். ஆல்பத்தின் அட்டையில் இருப்பது ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் பனி இரவு ஓவியம், காம்பாரா என்ற ஊரின் காட்சி.

கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஆல்பத்துக்கு யாருடைய பெயர் வைத்திருக்கிறார்? காதலித்து ஏமாந்தவளின் பெயரை வைக்கவில்லை. ஏமாற்றிவிட்டுப் போனவனின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டார். அதனால் ஆல்பம் முழுவதும் பேசுகிற ஆள் நல்லவனாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு கேட்டால் தடுக்கி விழுவோம். ரசிகர் மன்றக் கடிதத்திலும், சில வரிகள் பெண்களை இழிவு செய்வதாகப் படலாம், இது என் இருண்ட பக்கத்தைத் துழாவும் முயற்சி என்ற பொருளில் எழுதியிருந்தார்.

அது எல்லாவற்றையும் சரிக்கட்டிவிடுகிறதா? இதில்தான் இன்றைய நேயர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஐந்தாவது பாட்டான 'அக்ராஸ் த ஸீ', ஜப்பானிலிருந்து ஓர் இளம் ரசிகை எழுதிய உண்மையான கடிதத்திலிருந்து பிறந்தது. தனிமையில் கிடந்தவனுக்கு அந்தக் கடிதம் ஆறுதலாக இருந்தது என்பது வரை நெஞ்சைத் தொடும். பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி அவன் கற்பனை செய்யும் இடம் வருகிறது. முகம் சுளிக்காமல் அதைக் கடக்க முடியாது. 'எல் ஸ்கார்ச்சோ', பெற்றோரில் ஒருவர் ஜப்பானியராக உள்ள பெண்களின் மேல் தனக்குள்ள பித்தைச் சலித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறது. 'பிங்க் டிரையாங்கிள்' தான் கல்யாணக் கனவு கண்ட பெண் தன்பாலின ஈர்ப்புடையவள் என்று தெரிந்து நொறுங்குகிறவனின் பாட்டு. அதில் சிரிப்பும் அசட்டுத்தனமும் சம அளவு.

ஆசியப் பெண்களை ஆட்களாகப் பார்க்காமல் ஒரு வகையாகப் பார்க்கும் பார்வை இது என்று அண்மைக் கால நேயர்கள், குறிப்பாகப் பெண்கள், எழுதுவதைக் கட்டாயம் படியுங்கள். 1996-இல் வந்த புகார்களைவிட அது கூர்மையானது. "அவனே தன்னைக் கெட்டவன் என்கிறானே" என்ற பதில் பாதி தூரம்தான் போகும். தன்னைப் பிங்கர்டன் என்று சொல்லிக்கொண்டாலும், பாட்டில் பேசும் வாய்ப்பு அவனுக்கு மட்டும்தான். கடிதம் எழுதியவளுக்கு இல்லை. என் காதுக்கு 'அக்ராஸ் த ஸீ'தான் ஆல்பத்தின் உச்சம். அந்தச் சங்கடமும் என்னை விடுவதில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிற கருத்துகளைத்தான் நான் நம்புகிறேன்.

ஆபராவின் கதையில் இன்னொரு சுவையான செய்தி. 1904 பிப்ரவரியில் மிலானின் லா ஸ்காலா அரங்கில் முதல் முறை நடந்தபோது ரசிகர்கள் கூச்சல் போட்டு அதைக் கவிழ்த்தார்கள். புச்சினி அதைத் திருத்தி எழுதினார். அதே ஆண்டு மே மாதம் பிரெஷியாவில் பெரும் வெற்றி. அவர் படைப்பை மாற்றினார், மூன்று மாதத்தில் கைதட்டல் வந்தது. இந்த ஆல்பம் மாறவில்லை, வருடக்கணக்கில் காத்திருந்தது.

படி 7: இரண்டாவது தடவை

இப்போது மறுபடி கேளுங்கள். முடிந்தால் நல்ல ஒலிபெருக்கியில், கொஞ்சம் சத்தமாக. செல்போனில் இருக்கும் சின்ன ஒலிபெருக்கியில் இந்த ஆல்பம் வெறும் இரைச்சல்தான். பாஸும் டிரம்ஸும் வயிற்றில் உதைக்காவிட்டால் பாதி போய்விடும்.

மூன்று இடங்களில் மட்டும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'நோ அதர் ஒன்' ஆடி அசைந்து வரும் அதன் தாளத்துக்காக. 'ஃபாலிங் ஃபார் யூ' பாட்டில் கிட்டாரின் சுரக்கூட்டுகள் (chords) நகரும் விதத்துக்காக: சுருதி இடம் மாறிக்கொண்டே இருக்கும், ஆனால் மெட்டு தடுமாறாது. நீல ஆல்பத்தைவிட இவர் எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்பதற்கு அந்த ஒரு பாட்டு போதும். கடைசியில் 'பட்டர்ஃப்ளை'. அதுவரை ஒருமுறைகூட மன்னிப்புக் கேட்காத ஆள் அங்கே கேட்கிறான்.

முதல் தடவை குறித்த ஒற்றை வரியை எடுத்து, அதன் கீழே இன்னொரு வரி எழுதுங்கள். கருத்து மாறாவிட்டாலும் காரணம் மாறியிருக்கும். வேறு யாரிடமாவது இந்த ஆல்பத்தைப் பற்றிச் சொல்லும்போது, எந்த ஆல்பத்துக்குப் பிறகு இதைக் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருக்கு அது நட்சத்திரக் கணக்கைவிட உதவும்.

இதற்குப் பிறகு

பிடித்திருந்தால் 2010 மறுபதிப்பின் கூடுதல் பாட்டுகளுக்குப் போகலாம். எல்லாம் தேவையில்லை. கைவிடப்பட்ட அந்த விண்வெளி நாடகத்துக்காக எழுதி, ரேச்சல் ஹேடன் பாடிய 'ஐ ஜஸ்ட் த்ரூ அவுட் த லவ் ஆஃப் மை ட்ரீம்ஸ்' ஒன்றை மட்டும் தவற விடாதீர்கள்.

பிறகு 2001 மே மாதம் வந்த வீஸரின் அடுத்த ஆல்பமான 'பச்சை ஆல்பம்'. மறுபடி ரிக் ஒகாசெக்தான் தயாரிப்பு. 28 நிமிடம், எல்லாம் துலக்கி வைத்த பாட்டுகள், சொந்த வாழ்க்கையின் வாடையே இல்லை. இதைப் பற்றி அன்று எழுதப்பட்ட கருத்துகளைத் தேடிப் படியுங்கள். 'பிங்கர்டனை' நெஞ்சில் வைத்து ஐந்து வருடம் காத்திருந்தவர்கள், 1996-இல் மற்றவர்கள் சொன்ன அதே "முன்பு போல இல்லை"யைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.